கட்டுச்சோற்றுக்கு ஒரு லேபிள் வேண்டி

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், புது தில்லி.

அனுப்புநர்: புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் விடியுமுன் எழுந்து சோறு கட்டுவோர்.

பொருள்: வெளியூரில் தங்கப் போவோர்க்கான கட்டுச்சோற்றுக்கு லேபிள் வழங்கக் கோருதல்.

பார்வை: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006; லேபிளிடுதல் மற்றும் காட்சிப்படுத்துதல் ஒழுங்குமுறை விதிகள், 2020.



கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவின் பெயர் என்பதும், அப்பெயரில் அமைந்த பஞ்சாயத்துகள் புதுச்சேரிப் பகுதியில் ஐந்து என்பதும், அவற்றுள் வில்லியனூர் சங்கராபரணி ஆற்றையும் பாகூர் தென்பெண்ணைத் தண்ணீரையும் நம்பி நெல் விளைவிப்பவை என்பதும் ஆணையத்தின் கோப்புகளில் எங்கேனும் இருக்கக்கூடும். அவ்விரு கொம்யூன்களின் மனக்குறை, சட்டம் தம்மைத் தொடவில்லை என்பதே. உணவுத் தொழிலை மட்டும் சட்டம் கவனிப்பதால், வீட்டில் விலையின்றிக் கட்டிக் கொடுக்கப்படும் சோறு அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறது. அதன் விளைவாக, கூடாரமும் மூட்டையுமாய் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கிளம்பும் நகரத்தார், லேபிள் உள்ளதே உணவு என்று நம்பி, வெந்நீர் ஊற்றினால் விழித்தெழும் பொட்டலங்களை வாங்கிச் செல்கின்றனர். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருள் என்னும் சட்டச் சான்று, கிடைத்துவிட்டது. மண்ணுக்குச் சான்று உண்டு, மண்சட்டியில் வெந்த சோற்றுக்கு இல்லை என்பது மண்ணைத் தின்னச் சொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே, 2020ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் விவரங்கள் அனைத்தும் இங்கே தாமாகவே முன்வந்து அளிக்கப்படுகின்றன.

உணவின் பெயர்: கட்டுச்சோறு. வழிக்கு வேண்டி வீட்டில் சமைத்து, ஆறவைத்து, இலையில் பொதிந்து, நாரால் கட்டி எடுத்துச் செல்வது என்று பொருள்; பொதிசோறு, கட்டமுது என்பன பழம்பெயர்கள். அதன் தலையாய வகை கோயிலில் புளியோதரை, கல்யாணத்தில் புளிசாதம், வீட்டில் புளிச்சோறு எனப்படும். ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருப்பது நுகர்வோரைக் குழப்பும் என்று ஆணையம் கருதினால், கோயில், கல்யாணம், வீடு ஆகிய மூன்றையும் ஒன்றாக்கும் திருத்தம் ஒன்றைப் பரிசீலிக்கலாம்.

சேர்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. சோறு, புளி, நல்லெண்ணெய், மல்லாட்டை, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை என்று அது எளிதில் முடிந்துவிடுகிறது. முடியாதது செய்முறை. வடித்த சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெயும் மஞ்சளும் விட்டு, ஆவி முழுதும் போகும்வரை விசிறுவதே முதல் வேலை. சூட்டோடு கட்டினால் இலைக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்து, அந்த ஈரமே சோற்றை ஊசிப்போகச் செய்யும். அரிசியோடு வயலிலிருந்தே ஒட்டிவரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை என்றும், சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி வாந்தி உண்டாக்கும் என்றும் அறிவியல் பின்னாளில் கண்டது. பாகூர் ஆயாக்கள் அந்தப் பெயரை அறியாமலே விசிறிக்கொண்டிருந்தனர். இரண்டாவது வேலை புளிக்காய்ச்சல். இரவே ஊறவைத்த புளியைக் கெட்டியாகக் கரைத்து, தாளித்த நல்லெண்ணெயில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவைத்து, வறுத்துப் பொடித்த வெந்தயம் தூவி இறக்கும் குழம்பு அது. புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலில் எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும், 4.6க்குக் கீழே போன உணவில் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயைத் தரும் கிருமி வளர்வதில்லை என்பது டப்பா உணவுத் தொழிலின் அடிப்படை விதி. புளிக்காய்ச்சல் அந்தக் கோட்டுக்கு மிகக் கீழே கிடக்கும் பொருள். உப்பு, எண்ணெய், புளி என்னும் மூன்று காவலர்க்கும் ஆணையம் எண் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். ஆனால் அளவைக் கேட்டால் "கண்ணளவு" என்றே விடை வரும். கண் எந்த எடைத் தராசுச் சட்டத்தின் கீழ் முத்திரையிடப்பட வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தினால் நன்று.

ஒவ்வாமை அறிவிப்பு என்பது சிலர் உடலுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள்களை முன்கூட்டியே சொல்லிவிடும் நல்ல ஏற்பாடு. ஆணையத்தின் பட்டியலில் நிலக்கடலை இருக்கிறது. அதையே இப்பக்கத்தில் மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்று மணிலாக்கொட்டை ஆக்கி, பிறகு மல்லாட்டை என்று தேய்த்துவிட்டனர். லேபிளில் நிலக்கடலை என்று எழுதினால் வில்லியனூர்ச் சந்தையில் யாரும் அஞ்சமாட்டார்கள். தற்செயலாகக் கலந்துவிடக்கூடிய பிற பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் தமிழில் ஏற்கெனவே உள்ளது. கட்டுச்சோற்றில் எலியை வைத்துக் கட்டியது போல என்னும் பழமொழி அதுவே.

சைவ, அசைவக் குறியில்தான் சிக்கல். பச்சைக் கட்டத்துள் பச்சை வட்டம் சைவம். பழுப்புக் கட்டத்துள் பழுப்பு முக்கோணம் அசைவம். புளிச்சோற்றுக்குத் துணையாக இலையின் ஓரத்தில் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றைத் தனியே மடித்து வைப்பது கடலோரக் கிராமங்களின் வழக்கம்; சோறு சைவம், ஓரம் அசைவம். வட்டத்தை நடுவிலும் முக்கோணத்தை ஓரத்திலும் அச்சிட இடமுண்டா என்பதை ஆணையம் அறிவிக்க வேண்டும்.

ஊட்டச்சத்து விவரத்தை 100 கிராமுக்கு எவ்வளவு என்றும், ஒரு பரிமாறல் அளவு ஒரு நாளைய 2000 கிலோ கலோரித் தேவையில் எத்தனை விழுக்காடு என்றும் காட்ட வேண்டும். பரிமாறல் அளவு என்பது இங்கே ஆயாவின் உள்ளங்கையில் உருளும் ஒரு கவளம். கேட்கும் பிள்ளை மெலிந்திருந்தால் அது பெரிதாகும், மருமகன் கேட்டால் இன்னும் பெரிதாகும்.

காலாவதி நாளைப் பொறுத்தவரை விண்ணப்பதாரர்களின் நிலை வலுவானது. கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று கேட்கும் பழமொழி, தன் காலாவதியைத் தானே அறிவிக்கும் உலகின் முதல் உணவாகக் கட்டுச்சோற்றை ஆக்கியுள்ளது. புளிச்சோறு விடியலில் கட்டினால் மறுநாள் காலைக்குள் தீர வேண்டும். எலுமிச்சைச் சோறு அன்று மாலைக்குள். தேங்காய்ச் சோறு நண்பகலைத் தாண்டினால் நம்பத்தக்கதல்ல. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவிய இட்லி இரவு வரை துணை நிற்கும். தயிர்ச்சோறு தனி இலக்கணம் உடையது: குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டு, உப்பும் இஞ்சியும் சேர்த்துக் கட்டினால், நடந்து போகும் வழியிலேயே பால் உறைந்து, இலை விரிக்கும் வேளையில் புளிக்காத தயிராகியிருக்கும். பொட்டலத்துள் இருக்கும்போதே உற்பத்தி நடக்கும் இப்பொருளுக்கு உற்பத்தி நாள் எது, நேரம் எது என்பதை எந்த விதி தீர்மானிக்கும் என்று தெரியவில்லை. கெடாமல் இருப்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஆணையம் சோற்றை விட்டுவிட்டுக் கொம்யூன் பஞ்சாயத்தை ஆராயலாம். 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்தது 2006இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டு தாங்கிய அப்பொருளில் என்ன பதப்படுத்தும் பொருள் சேர்க்கப்பட்டிருந்தது என்பது வெளியிடப்படவில்லை.

உறை பற்றிய பகுதியில் ஆணையத்தோடு ஒத்துப்போவதே நேர்மை. செய்தித்தாளில் உணவு கட்டக்கூடாது என்று ஆணையம் சொல்வது சரி, ஏனெனில் அச்சு மையில் உள்ள நச்சு எண்ணெயோடு சேர்ந்து சோற்றில் இறங்கும். செய்தி இறங்குவது வேறு கேடு. தணலில் வாட்டிய வாழையிலை மடித்தாலும் கிழியாது, நார் அதே மரத்தில் கிடைக்கும், உண்டபின் மாடு மிச்சத்தை முடித்துக்கொள்ளும். 2022 ஜூலை முதல் நாளன்று நாடு முழுதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தட்டு, கரண்டி வகையறாவில் ஒன்றும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரே குறை, பதினான்கு இலக்க உரிம எண்ணை வாட்டிய இலையில் எழுதினால் மை நிற்பதில்லை.

அடுப்பு மூட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பக்கம் 2008 முதல் பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்கு ஆபத்து விளையும்படி தீ மூட்டுவதைத் தடுக்கிறது. எரிவாயு அடுப்பும் இரும்புக் கம்பி வலையும் சுமந்து வருவோர் அங்கே என்ன செய்வார்கள் என்பது அவர்கள் கவலை. கட்டுச்சோற்றுக்குத் தீ வீட்டிலேயே அணைந்துவிட்டது. தீ மூட்டத் தடையில்லாத இடங்களில் மூன்று கல், ஒரு சட்டி, சவுக்கு மிளாறு போதும். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாமாகக் கிராமங்களில் தங்கும்போது முதல் நாள் கட்டுச்சோறு, மறுநாள் முதல் சட்டி என்பதே எளிய கணக்கு. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், கரைத்த புளி அனைத்தையும் ஒரே சட்டியில் வேகவிட்டுத் தாளித்துக் கொட்டினால் கூட்டாஞ்சோறு; கழுவப் பாத்திரம் ஒன்றே. தணலில் கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து, உப்பு, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயத்தோடு பிசைந்தால் அதற்குத் துவையல். அணையும் சாம்பலில் புதைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு பேச்சு முடிவதற்குள் வெந்திருக்கும். மீந்த சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாள் காலை மோரும் வெங்காயமும் சேர்த்த பழைய சோறு. ஆறு நாளும் காலையுணவுக்குத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. மாணவர் உணவுக்குப் பழைய பதிவு தேடினாலும் பயனில்லை: பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக் கூடம், இருந்ததும், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதும் செப்பேட்டில் உள்ளன. அங்கே படித்தவர்கள் என்ன உண்டார்கள் என்பதற்குத் தொகுதி எண் எதுவும் பொறிக்கப்படவில்லை.

கெடாத உணவுக்கு அரசு பரிசளித்ததும் உண்டு: படைகளுக்காக உணவைக் கெடாமல் காக்கும் வழி தேடிய பிரெஞ்சு அரசு, கண்ணாடிக் குடுவையில் அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையைக் கண்ட நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய்க்காரருக்கு 1810இல் 12,000 பிராங்க் வழங்கியது. டப்பா உணவின் பிறப்பு அதுவே. அவ்வாண்டில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் புளிக்காய்ச்சல் சார்பில் விண்ணப்பிக்க ஆளில்லாமல் போயிற்று. இன்று லேபிளும் உரிமமும் உடைய உணவுகளுக்கும் வாழ்க்கை எளிதல்ல: 2015 ஜூனில் மேகி நூடுல்ஸைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற ஆணையம் ஆணையிட்டது, ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டு நிமிடத்தில் வேகும் பொருளுக்கு இரண்டு மாதம் வழக்கு நடந்ததை நோக்கினால், லேபிள் கேட்டு விண்ணப்பிப்பது அறிவுடைமைதானா என்ற ஐயமும் விண்ணப்பதாரர்களிடையே எழுந்துள்ளது.

உரிமம் பற்றி முன்னுதாரணம் ஒன்று மட்டும் கிடைக்கிறது. பாகூருக்குத் தொலைவில்லாத திருவாமூரில் பிறந்த அப்பர், திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியால் தளர்ந்தபோது சிவபெருமானே பொதிசோறு கொண்டுவந்து கொடுத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. பதிவுச் சான்று காட்டப்பட்டதாகச் செய்தியில்லை. அப்பர் கேட்டதாகவும் இல்லை.

எனவே ஆணையம் லேபிள் வழங்க வேண்டும். இயலாவிடில், மாசிமகத்தன்று சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சியில் கூட்டம் கூட்டமாக அமர்ந்து கட்டை அவிழ்ப்போர் நடுவே ஆய்வு அலுவலர் ஒருவரையேனும் அனுப்பி மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி அங்கேயே தீர்ந்துவிடும் என்பதால் இரண்டாவது பொட்டலமும் வைக்கப்படும். வருகையை முதல் நாளே தெரிவிப்பது நல்லது. புளியை இரவே ஊறவைக்க வேண்டும்.