ஆயிரத்துக்கு அஞ்சு

ஏத்தா, பள்ளிக்கூட லைப்ரரியன் வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கியாம்ல? உங்கப்பன் டீக்கடையில உக்காந்து புலம்புதான். டிகிரிக்கு மேல ஒரு வருசம் பி.லிப். படிக்க வெச்சது புத்தகத்துக்குத் தூசி தட்டத்தானான்னு கேக்கான். அவன் கிடக்கான், விடு. நீ திண்ணையில உக்காந்து சத்தம் போட்டு உருப்போட்டதுல பாதி எனக்கும் மனப்பாடம். அந்தத் தைரியத்துலதான் புத்தி சொல்ல வந்திருக்கேன்.

நிம்மதியா வேலை பாக்கணும்னா, சேர்ந்த அன்னைக்கே திண்டுக்கல் பூட்டு ஒண்ணு வாங்கு. சாவியை இடுப்புல சொருகிக்கோ. பிள்ளைக வந்து கேட்டா, 'ஸ்டாக் எடுக்கேன், அடுத்த வாரம் வா'ன்னு சொல்லு. அடுத்த வாரமும் அதையே சொல்லு. கல்யாணத்துக்கு எடுத்த பட்டு பீரோவுக்குள்ளயே கிடக்க மாதிரி, புத்தகமெல்லாம் புதுக்கருக்குக் குலையாம இருக்கும். தணிக்கைக்கு வார ஆபீசர் அக்சஷன் ரிஜிஸ்டரை வெச்சு எண்ணிப் பாத்து, ஒண்ணுகூடக் குறையலைன்னு மெச்சிட்டுப் போவாரு. நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துலயும் ஹெட்மாஸ்டர் ரூம்ல அப்படி ஒரு பீரோ இருந்துச்சு. கரையானை மட்டும் யாரும் அடுத்த வாரம் வான்னு சொல்லல.

இந்தப் பூட்டுக்கு வில்லன் யாருன்னா, அந்தச் சீர்காழிக்காரரு ரங்கநாதன்தான். 1931-ல லைப்ரரிக்கு அஞ்சு விதி எழுதினாருன்னு ராகம் போட்டுப் படிப்பியே, அதுல முதல் விதியே, புத்தகம் இருக்கது எடுத்துப் புழங்கத்தான்னு சொல்லிட்டாரு மனுசன். அந்தக் காலத்துச் சீமையில புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாகளாம். நாம கெட்டிக்காரக, சங்கிலிச் செலவை மிச்சம் பிடிச்சுப் பூட்டோட நிறுத்திக்கிட்டோம். அதே வருசம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி ஊர் ஊராக் கொண்டுபோயிருக்காக. வண்டி மாடு நடந்த தூரம்கூட நம்ம பீரோ நகரல பாரு.

அதுக்காக அவரை ரொம்பப் பெரிய வீராதிவீரர்னு நெனைச்சுக்கிடாத. சென்னைப் பிரெசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரை 1924-ல யுனிவர்சிட்டி லைப்ரரிக்குக் கொண்டுபோய் உக்கார வெச்சாக. பேசக்கூட ஆளு இல்லாம மனுசனுக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு. கொஞ்ச நாள்லயே பழைய பிரின்ஸ்பால்கிட்ட ஓடி, எனக்குக் கணக்கே போதும்னு நின்னாரு. லண்டனுக்குப் போய்ப் படிச்சுட்டு வா, அப்பவும் பிடிக்கலைன்னா திரும்பிக்கோன்னு அனுப்பி வெச்சாக. போனவரு திரும்பி வந்து கணக்குப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. அதனால மொத வாரமே போன் போட்டு அழுதியன்னா, தாத்தன் திட்ட மாட்டேன்.

இப்ப காசு விசயத்துக்கு வருவோம். காணாமப் போன புத்தகத்துக்குச் சம்பளத்துல பிடிச்சிருவாகளோன்னு உங்காத்தா பயப்படுதா. நீ எழுதப்போறது கேந்திரிய வித்யாலயா பரீச்சைதானே? அங்க செல்லுபடியாகுத மத்திய சர்க்கார் நிதி விதியை நீதானே வாசிச்சே: ஒரு வருசத்துல ஆயிரம் புத்தகம் எடுத்துக் கொடுத்தா, அதுல அஞ்சு காணாமப் போறது நியாயந்தான். திருட்டோ அசட்டையோ இருக்கக்கூடாது. ஆயிரம் ரூவாய்க்கு மேல விலையுள்ளதும் அரிய புத்தகமும் போச்சுன்னா விசாரணை உண்டு. அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு தாயி. டில்லிக்காரன் உன் கையில அஞ்சு புத்தகம் தொலைக்க லைசென்சு கொடுத்திருக்கான். ஆனா பூட்டி வெச்சவளுக்கு அந்த லைசென்சு கிடையாது பாத்துக்கோ. அவ எடுத்துக் கொடுத்தது சைபர், அதனால தொலைக்க உரிமையும் சைபர். அஞ்சு தொலைக்கணும்னு ஆசை இருந்தா ஆயிரம் கொடுத்தாகணும். உங்காத்தாளுக்கு இதை நான் எடுத்துச் சொல்லுதேன். நீ சொன்னா அடிப்பா.

இன்னொண்ணு. எந்த டீச்சர் லீவு போட்டாலும், 'லைப்ரரி மேடம் சும்மாத்தானே இருக்காக'ன்னு அந்த கிளாசுக்கு உன்னைத் தள்ளி விடுவாக. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிடாத. சரின்னு தலையாட்டிட்டு, அந்தக் கிளாசையே அள்ளிக்கிட்டு லைப்ரரிக்கு வந்துரு. நாப்பது பேரு வந்தா நாப்பது புத்தகம் போகும், ஆயிரத்துக்குக் கணக்கு ஏறும்.

தமிழ் இலக்கியத்துக்கு 894.811-னு நம்பர் போடுவியே, அதை வார பிள்ளைககிட்ட எதிர்பாக்காத. 'அந்தச் சிவப்பட்டைப் பேய்ப் புத்தகம், போன வாரம் இங்கனதான் இருந்துச்சு'ன்னு ஒரு வாண்டு வந்து நிப்பான். அவனுக்கு எடுத்துக் கொடுக்கதுக்குத்தான் உன் பி.லிப். வேணும்.

சம்பந்தம் பேச வாரவக, பொண்ணு டீச்சரான்னு கேப்பாக. நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். பட்டதாரி டீச்சர் வாங்குத அதே சம்பளம், பேப்பர் திருத்துத வேலை மட்டும் கிடையாதுன்னு சொல்லுவேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் அதைக் கேட்டு, தன் மகளையும் பி.லிப்.புக்கு அனுப்பலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டான்னா, சீர்ல ரெண்டு பவுன் குறைச்சுப் பேசிப் பாக்கலாம்.