சிறுத்தை சேர்

வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஊர், மதம், உத்தியோகம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வேண்டுதல் மட்டும் ஒன்றுதான். சிறுத்தை தெரியவேண்டும். ஜீப் சாரதிகள் எல்லோரையும் ‘சேர்’ என்றே அழைப்பதால், இவருக்குச் ‘சிறுத்தை சேர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பூங்காவின் ஹுனுவிலகம வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். சேர் ஐந்து மணிக்கே அங்கே நிற்பார். பச்சைச் சேட்டு, பச்சைக் களிசான், பச்சைத் தொப்பி. மிருகங்களின் கண்ணில் படக்கூடாதாம். காலில் மட்டும் செம்மஞ்சள் நிறத்தில் மகனுடைய பழைய சப்பாத்து. கழுத்தில் தொங்கும் கமரா மச்சானிடம் இரவல் வாங்கியது. லென்ஸ் முழங்கை நீளம். எந்தப் பொத்தான் எதற்கென்று மச்சானுக்குத்தான் தெரியும்.

ஜீப் நகர்ந்ததும் சேரின் சட்டம் அமுலுக்கு வரும். ஒருவரும் கதைக்கக் கூடாது, இருமக் கூடாது, முறுக்குக் கடிக்கக் கூடாது. இதை அடிக்கடி உரத்த குரலில் ஞாபகப்படுத்துவதும் அவரே. நடுவில் தொலைபேசி அடிக்கும். “ஓம் ஓம், காட்டுக்குள்ள நிக்கிறன், கதைக்க ஏலாது” என்று கால் மணித்தியாலம் கதைப்பார்.

வழியில் புள்ளிமான் கூட்டம் வரும். “மான் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலயும் நிக்குது, நீ விடு தம்பி.” யானை வரும். “இதைக் கண்டிப் பெரகராவில பாத்தாச்சு.” பாலைப்பழக் காலத்தில் மரமேறிப் பழம் தின்னும் கரடியைக் காண வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். சேர் அதற்கும் மசியமாட்டார். “சிறுத்தை பாக்கிற நேரத்தில இது வேற, சிவபூசைக்குள்ள கரடி!”

காடு விலகி, வெண்மணல் கரையோடு வில்லு எனப்படும் நீர்நிலை ஒன்று விரியும். ஜீப்பில் பேச்சு நிற்கும். அந்த நேரத்தில்தான் சேருக்குச் சந்தேகம் பிறக்கும்.

“இது எந்த ராசா கட்டின குளம்?”

“யாரும் கட்டின இல்ல சேர். மழைத் தண்ணி.”

“கட்டாமக் குளமோ?” என்று சேர் உதட்டைப் பிதுக்குவார்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. பக்கத்து அனுராதபுரத்தில் எந்தக் குளத்தைக் கேட்டாலும் கட்டிய ராசாவின் பெயர் சொல்வார்கள். இலங்கையின் பெரிய நீர்நிலைகள் அநேகம் மனிதர் கட்டியவை. வில்லுகள் அப்படியல்ல. தரையில் தானாக அமைந்த ஆழமில்லாத பள்ளங்களில் மழை வந்து நிற்கிறது. சிலவற்றில் உப்புத்தன்மை உண்டு, மற்றவற்றில் நன்னீர். 1,317 சதுர கிலோமீற்றர் பரந்த இந்தப் பூங்காவில் இப்படி ஏறத்தாழ 60 வில்லுகள். 1938 இல் தேசியப் பூங்காவான இடம், யுத்தத்தால் 1988 தொடக்கம் 2003 வரை மூடிக் கிடந்தது. அந்தக் காலத்திலும் வாடைக்காற்று மழை ஒருவரிடமும் பாஸ் எடுக்காமல் வந்து வில்லுகளை நிரப்பிவிட்டுப் போனது.

சேரின் மனைவி இதற்குள் வில்லில் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். “இஞ்சாருங்கோ, அந்த நீட்டு வால் குருவி இலைக்கு மேல நடக்குது!”

சாரதி விளக்குவார். அது இலைக்கோழி. மிதக்கும் இலைமேல் முட்டையிட்டுவிட்டுப் பெட்டை அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் சேவலின் பொறுப்பு.

“வடிவாக் கேளுங்கோ” என்பார் மனைவி.

“தம்பி, ஜீப்பை எடு” என்பார் சேர்.

அப்போது சாரதியின் தொலைபேசி ஒலிக்கும். “கொட்டியா!” சிங்களத்தில் சிறுத்தை என்று பொருள்படும் அந்த ஒற்றைச் சொல் போதும். குன்றும் குழியுமான செம்மண் பாதையில் ஜீப் பறக்கும். முறுக்குப் பை ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். போய்ச் சேர்ந்தால், கொழும்பு காலி வீதியில் பாடசாலை விடும் நேரத்து நெரிசல் அங்கே நிற்கும். ஜீப்புக்குப் பின்னால் ஜீப், எல்லாவற்றிலும் ஒவ்வொரு சிறுத்தை சேர், எல்லோரும் எழுந்து நின்று முன்னால் நிற்பவரை இருக்கச் சொல்லிக்கொண்டு. புதருக்குள் மஞ்சளாக ஏதோ அசையும். ஒரு வால் தெரியும். பிறகு அதுவும் தெரியாது. சேரின் கமராவில் 43 படங்கள் விழுந்திருக்கும். அத்தனையும் முன் ஜீப்காரரின் தொப்பி.

அந்த வால் வளரும் வேகம் தனி. ஹுனுவிலகம வாசலில் அது வெறும் வால். புத்தளத்தில் பின்கால்கள் முளைக்கும். அடுத்த வாரம் வெள்ளவத்தைக் கலியாண வீட்டில் முழுச் சிறுத்தையும் சேரைக் கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டு, மரியாதையாக விலகிப் போயிருக்கும். மனைவி சாட்சி சொல்லவேண்டிய கட்டம் வரும்போது பாயாசம் எடுக்க எழும்பிவிடுவார்.

சேருக்கு ஒருவரும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்ற, மானும் பன்றியும் வில்லுக் கரைக்குத்தான் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். அவர் “எடு எடு” என்று கடந்து போன ஒவ்வொரு வில்லும் சிறுத்தையின் சாப்பாட்டுக் கடை.

ஆகவே, வில்பத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு வில்லுக் கரையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்து, தொலைபேசியையும் அணைத்து, அரை மணித்தியாலம் பொறுங்கள். சிறுத்தை வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டாலும் நீங்கள் கண்ட இலைக்கோழிக்குக் கலியாண வீட்டில் கால் முளைக்க வைக்கத் தேவையில்லை. அதற்கு ஏற்கெனவே நல்ல நீளமான கால்கள்தான்.