கிரான் ரிசர்வா வரிசையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
கேரள மாநில பானங்கள் (உற்பத்தி மற்றும் சந்தைப்படுத்தல்) கழகம்,
திருவனந்தபுரம்.

அனுப்புநர்:
பழவங்காடிவாசி. தமிழன். மணமானவன்.

பொருள்: சொந்த வீட்டில், சொந்த மனைவியோடு, ஸ்பானிய ஒயின் அருந்த வசதி கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

பெவ்கோ என்று நாங்கள் அழைக்கும் தங்கள் கழகத்துக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் குறை சொல்லத்தான் எழுதுவார்கள். நான் பாராட்ட எழுதுகிறேன். 1984இல் பிறந்த கழகத்தால் எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இல்லாமல் போனது. சாலைக் கம்போளம் என்ற எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு கிலோ மல்லி வாங்க நாலு கடை ஏறி இறங்க வேண்டும். முகர்ந்து பார்க்க வேண்டும். விலை பேச வேண்டும். மது விஷயத்தில் அந்த அலைச்சலை எல்லாம் அரசே தலையில் போட்டுக்கொண்டது. மொத்த வியாபாரம் தங்களுடையது. சில்லறையிலும் கன்ஸ்யூமர்ஃபெட் என்ற தம்பிக்கு ஒரு பங்கு கொடுத்தது போக மீதி தங்களுடையது. குடிமகன் செய்ய வேண்டியது நிற்பது மட்டும்.

நிற்பதில் எங்கள் வட்டாரம் பின்தங்கவில்லை என்பதைத் தாங்களே அறிவீர்கள். பழவங்காடி கணபதி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பவர் ஹவுஸ் ரோடு கடை, 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் 73 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்று மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. கணபதிக்குத் தேங்காய் உடைப்பதில்தான் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று அதுவரை நினைத்திருந்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் திருமண நாள் செப்டம்பர் 1. ஆவணி முகூர்த்தம். ராகு காலம், எமகண்டம், குளிகை, கரிநாள் அத்தனையும் பார்த்த என் மாமனார், கலால் துறையின் நாள்காட்டியை மட்டும் பார்க்கவில்லை. மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் மது விற்பனை கிடையாது. சம்பளம் வாங்கிய கையோடு குடும்பத் தலைவன் கடைக்கு ஓடிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி. நல்ல விதி. ஒன்றாம் தேதி முழுவதும் அவன் உத்தமனாக இருந்து, இரண்டாம் தேதி காலை 10 மணிக்கு ஓடுகிறான்.

2025-26 மதுக் கொள்கையில் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள் என்று படித்தேன். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களில் கல்யாணம், மாநாடு என்றால் சிறப்பு அனுமதி வாங்கி ஒன்றாம் தேதியும் ஊற்றலாமாம். ஆக, கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. கல்யாணம் நிலைத்ததற்கு இல்லை. அரசின் அனுபவத்தில் முதலாவதுதான் கொண்டாட வேண்டிய சம்பவம் போலும்.

எனவே முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டும். முந்தின நாள் என்றால் ஆகஸ்ட் 31. மறுநாள் கடை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. ஓணமும் அருகே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஏன் ஸ்பெயின் என்று கேட்பீர்கள். அங்கே ரியோஹா என்றொரு வட்டாரம் இருக்கிறது. டெம்ப்ரனீயோ என்ற கறுந்திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்குப் பெயர்போனது. அந்த ஒயின்களை அவர்கள் தரம் பிரிப்பதே காத்திருப்பை வைத்துத்தான். காத்திராமல் வெளியே வருவது ஹோவன். இரண்டு ஆண்டு பொறுத்து, அதில் ஒரு ஆண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்தால் கிரியான்சா. மூன்று ஆண்டு என்றால் ரிசர்வா. ஐந்து ஆண்டு, அதில் இரண்டு பீப்பாயிலும் இரண்டு குப்பியிலும் கழிந்தால் கிரான் ரிசர்வா. பணத்தை முடக்கிப் போட்டு, நிலவறைக்கு வாடகை கொடுத்து, குடிக்கிற பருவம் வந்த பிறகே விற்கிறார்கள்.

அவர்கள் ஒயினைக் காக்க வைக்கிறார்கள். தாங்கள் வாடிக்கையாளரைக் காக்க வைக்கிறீர்கள். கொள்கை ஒன்றுதான். ஆகையால் தரம் பிரிக்கும் முறையும் ஒன்றாகவே இருக்கலாம் என்று பணிவோடு முன்மொழிகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வந்து ஐந்து நிமிடத்தில் வாங்கிப் போகிறவர் ஹோவன். இளசு, புளிப்பு மாறாதது. சனிக்கிழமை சாயங்காலம் நிற்பவர் கிரியான்சா. மாதக் கடைசி நாள் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, முன்னால் நிற்பவரின் குடும்பக் கதை முழுவதும் கேட்டு முடித்தவர் ரிசர்வா. ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று நின்று வெற்றியோடு வெளியே வருகிறவர் கிரான் ரிசர்வா. அவருடைய முகத்திலேயே ஓக் மரத்தின் நிறம் வந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் சட்டைப் பையில் ஒட்டிக்கொள்ள ஒரு முத்திரைச் சீட்டும் தரலாம். ரியோஹாவில் குப்பிக்குக் குப்பி ஒட்டுகிறார்கள்.

2020 மே மாதம் பெவ்க்யூ என்ற செயலி வந்து வரிசையையே கைபேசிக்குள் அடைத்தபோது இந்தப் பாரம்பரியம் அழிந்துவிடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, செயலிதான் அழிந்தது. 2021இல் சாலையோரம் நீளும் வரிசைகளைப் பற்றி உயர் நீதிமன்றம் காட்டமாகக் கேட்ட பிறகு, உள்ளே நடந்து போய்த் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடைகள் கூடியிருக்கின்றன. அந்தத் தட்டுகளை நம்பித்தான் இந்த விண்ணப்பமே.

விருந்துப் பட்டியலைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். சமைப்பது பாதி நான், பாதி என் மனைவி.

முதலில் நெத்திலி வறுவல். இதற்கு ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியாவில் விளையும் அல்பரீன்யோ என்ற வெள்ளை ஒயின். கலீசியா நமக்கு அந்நியமான ஊர் இல்லை. ஓயாத மழை, பச்சைப் பசேல் என்ற நிலம், கடலுக்குள் கையை நீட்டும் கழிமுகங்கள், மூன்று வேளையும் மீன். ஈரத்தில் திராட்சை அழுகிவிடக் கூடாது என்று கருங்கல் தூண் நட்டுப் பந்தலில் ஏற்றி, கீழே காற்று ஓடவிடுகிறார்கள். எலுமிச்சையும் லேசான உப்பும் கலந்த சுவை அந்த ஒயினுக்கு. பொரித்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமான துணையை எந்தத் தரகரும் கொண்டுவர முடியாது.

அடுத்து, சாலை ரஹ்மானியாவின் கேத்தல் சிக்கன் ஒரு தட்டு. வீட்டு விருந்தில் ஹோட்டல் பண்டமா என்று முகம் சுளிக்காதீர்கள். திருவனந்தபுரத்துக் காதலில் அதற்கு இடம் உண்டு. எண்ணெயும் காரமும் மொறுமொறுப்பும் சேர்ந்த பண்டத்துக்கு நுரைக்கிற காவா. பார்சலோனாவுக்கு அருகே பெனதேஸ் பகுதியில் பெரும்பாலும் செய்கிறார்கள். ஷாம்பெய்ன் போலவே குப்பிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் வண்டலோடு கிடத்துகிறார்கள். விலையில் மட்டும் ஷாம்பெய்னைப் போல நடந்துகொள்வதில்லை.

மரச்சீனிக்கிழங்கும் குடம்புளி போட்ட மீன் குழம்பும் இல்லாமல் விருந்து இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காதல் என்றால் சிவப்பு ஒயின் என்று சினிமா கற்றுக்கொடுத்திருக்கிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் காரம் இரட்டிக்கும்; மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். கிரான் ரிசர்வாவே ஆனாலும் மீன் குழம்பின் முன் அவமானப்பட்டுத்தான் திரும்பும். மீன் முடியும்வரை அல்பரீன்யோவை விடக் கூடாது என்பது என் தீர்ப்பு. சிவப்பை மிளகு தூக்கலாக, மிளகாய் மட்டாகப் போட்ட ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கு வைத்துக்கொள்கிறேன். ரியோஹாக்காரர்களும் காய்ந்த திராட்சைச் சுள்ளியை எரித்து ஆட்டு விலாவைச் சுட்டு அதோடுதான் குடிக்கிறார்கள்.

கடைசியில் போளியும் பால் பாயசமும். போளியின் மேல் பாயசத்தை ஊற்றித் தின்னும் எங்கள் ஊர் வழக்கத்தை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுப்பார்கள். அவர்களிடம் பெட்ரோ ஹிமேனெஸ் என்ற ஷெர்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் தெற்கில், வெயிலில் உலர்த்திய திராட்சையைப் பிழிந்து செய்வது. கருப்பட்டிப் பாகின் நிறம், உலர் திராட்சையின் மணம், அபாரமான இனிப்பு. ஸ்பெயினில் அதை ஐஸ்கிரீமின் மேல் ஊற்றித் தின்கிறார்கள். பால் பாயசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் பேசிவிடலாம்.

ஆக நாலு குப்பி. குப்பிக்கு 750 மில்லி வீதம் 3 லிட்டர். ஒருவர் கையில் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட ஒயின் 3.5 லிட்டர். சட்டத்துக்கு உட்பட்டுக் காதலித்தும் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. அரசின் தாராளத்தை இதுவரை யாரும் இந்தக் கோணத்தில் பாராட்டியதாகத் தெரியவில்லை.

வயது விஷயத்திலும் ஒரு பாராட்டு. இந்த நாட்டில் பெண் 18 வயதிலும் ஆண் 21 வயதிலும் மணம் செய்துகொள்ளலாம். கேரளத்தில் மது வாங்க 23 ஆக வேண்டும். கணவனையோ மனைவியையோ தேர்ந்தெடுக்கப் போதுமான முதிர்ச்சி, ஒயினைத் தேர்ந்தெடுக்கப் போதாது என்று அரசு கருதுகிறது. இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கடிதம் எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது.

களியக்காவிளை தாண்டினால் டாஸ்மாக் இருக்கிறதே என்கிறார் ஒரு உறவினர். எல்லை தாண்டிக் குப்பி கொண்டுவந்தால் அதற்குப் பெயர் காதல் இல்லை, கடத்தல். வீட்டிலேயே பரணியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு மூடி வையேன் என்கிறார் இன்னொருவர். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதுவும் குற்றம் என்று கலால் துறை நினைவூட்டியிருக்கிறது. இத்தனைக்கும் வெளிநாட்டு ஒயின் இந்தக் கரைக்குப் புதிதில்லை. வடக்கன் பறவூருக்கு அருகே பட்டணத்தில் 2007 முதல் தோண்டியெடுத்த மத்தியதரைக் கடல் சாடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்திக் கொடுக்க அருந்தி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் இருக்கிறது. அந்த ஒயினை மன்னன் எந்த வரிசையில் நின்று வாங்கினான் என்று மட்டும் நக்கீரர் சொல்லவில்லை.

கொஞ்சம் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் மது என்றால் ஆண் ஒருவன் அவசரமாக வாங்கி, வேட்டி மடிப்பில் செருகி, அவசரமாகக் குடித்து முடிப்பது என்றுதான் அர்த்தமாகிவிட்டது. அரசின் விதிகள் எல்லாமே அந்த ஒருவனை மனதில் வைத்து எழுதியவை. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து, சோறு தின்றுகொண்டு, பேசிக்கொண்டு, ஒரு குப்பியை மூன்று மணி நேரம் நீட்டலாம் என்ற எண்ணமே அவற்றில் எங்கும் இல்லை. 2014இல் 418 பார்களை மூடிய பிறகு, மூடிய பார்களுக்கு 'பீர் - ஒயின் பார்லர்' என்று பலகை கிடைத்தது. பலகையில்தான் ஒயின், மேசைகளில் நான் கண்டதெல்லாம் பீர். ஒயின் என்பது மென்மைக்குச் சாட்சியாக எழுதி வைத்த சொல்லாகவே நின்றுவிட்டது.

என் மனைவி தானே வந்து லேபிளைப் படித்துத் தேர்ந்தெடுக்க விரும்புகிறாள். என்னைவிட அவளுக்கு நாக்கு நுட்பம். ஆனால் வரிசையில் ஒரு பெண் நின்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் அந்த நிமிடமே ஒழுக்கக் காவலர்களாகிவிடுகிறார்கள், அவரவர் கையில் ரம்முக்கான பணத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே.

விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதம் சுங்கம் போட்டது டெல்லி. அதன் மேல் தங்கள் பங்கு. வரி கட்டிக் காதலிப்பது குடிமகன் கடமை. ஆனால் அவ்வளவு கொடுத்து வாங்கும் குப்பி, 12 முதல் 15 டிகிரியில் படுத்திருக்க வேண்டிய குப்பி, மேல் தட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே 32 டிகிரியில் நிமிர்ந்து நின்றால், ரியோஹாவில் ஐந்து ஆண்டு பட்ட பாடெல்லாம் ஒரு சித்திரை மாதத்தில் முடிந்துபோகும். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாறச் சொல்வது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளை வைத்து. இங்கே அதையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கடைச் சுவரில் எழுதிப் போட்டால்கூடப் புண்ணியம். 'மது உடல்நலத்துக்குக் கேடு' என்பதற்குக் கீழே இடம் இருக்கும்.

ஆகவே வேண்டுவது இவ்வளவே. நடந்து போய் எடுக்கும் கடைகளில் ஸ்பெயினுக்கு என்று ஒரு தட்டு. விலை குறைந்த அல்பரீன்யோ, காவா, கிரியான்சா மூன்றும் இருந்தால் கிரான் ரிசர்வாவை நான் கேட்க மாட்டேன். அந்தத் தட்டுக்கு ஒரு குளிர்ப்பெட்டி. அல்பரீன்யோவுக்கும் பீருக்கும் வித்தியாசம் தெரிந்த பணியாளர் ஒருவர். பெண்கள் நிம்மதியாக நின்று லேபிள் படிக்க அரை மணி நேரம். இதற்கெல்லாம் அரசாணை தேவைப்படாது என்று நம்புகிறேன். தேவைப்பட்டால், அடுத்த மதுக் கொள்கை அச்சுக்குப் போவதற்கு முன் அதையும் பிறப்பித்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாடிக்கையாளன்,
பழவங்காடி.