கோட்டுக்கு மூக்கு எதுக்கு, சாமி?

வா சாமி, உக்காரு. உன்ற லேப்டாப்புல இருக்கற சிங்கிள் லைன் டயகிராமைச் சித்த எட்டிப் பாத்தேன். அழகா இருக்குது, கலியாணப் பத்திரிகைலயே அடிக்கலாம். கம்பம் ஏறறவன் கைல குடுக்கறதுக்குத்தான் கொஞ்சம் ரோசனையா இருக்குது.

நான் லைன்மேனாப் போயி போர்மேனா வூட்டுக்கு வந்த கெழவன். கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கென்ன தெரியும்? இருந்தாலும் கேக்கறேன். ஒவ்வொரு கோட்டு நுனியிலயும் ஒரு அம்பு மூக்கை நீட்டிட்டு நிக்குதே, அதை யாரு வெச்சது? நீ வெக்கலை, நீ வரையற டிரா.ஐஓ தானா வெச்சுது. லீவு லெட்டரு எந்த மேசைல இருந்து எந்த மேசைக்குப் போகோணும்னு வரையறவங்களுக்கு அது சரி. நம்ம கரண்டு நொடிக்கு 50 தடவை போயிட்டுப் போயிட்டுத் திரும்புது. அதுக்குப் போயி வழி காட்டறே! ஒரே ஃபீடருக்கு ரெண்டு சப்ஸ்டேசன்ல இருந்தும் சப்ளை குடுக்கலாம். மாடில சோலார் போட்டவன் மத்தியானமானா மேல திருப்பி அனுப்பறான். உன்ற அம்பை நம்பி, 'அந்தப் பக்கமிருந்து வராது'ன்னு ஒருத்தன் கம்பில கையை வெச்சா, பொறவு மூக்கைச் சிந்தறது அவன் பொண்டாட்டிதான்.

கோட்டைத் தொட்டா வலது பக்கம் ஸ்டைல் பலகை வருமல்ல? அதுல நுனிக்கு 'நன்'னு போடு. அடியில 'செட் ஆஸ் டீஃபால்ட் ஸ்டைல்'னு ஒண்ணு தூங்கிட்டிருக்குது, அதையும் எழுப்பி விடு. அடுத்து வரையற கோடெல்லாம் மூக்கில்லாமப் பொறக்கும். 'மிச்சம் அடுத்த தாளுல'ன்னு சொல்றதுக்கு மட்டும் ஒரு அம்பு வெச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லலை.

அந்த வளைஞ்ச கோட்டையும் எடுத்துப்போடு, கண்ணு. லைன் இன்ஸ்பெக்டர் பாத்தா, கம்பி தொய்ஞ்சு கெடக்குதுன்னு எழுதிப்போடுவாரு.

இப்ப பஸ்பாருக்கு வருவோம். நீட்டமா ஒரு பட்டை வரைஞ்சே, நல்லது. அஞ்சு ஃபீடரும் அதோட நட்ட நடுவுல வந்து முட்டிட்டு நிக்குது, அஞ்சு எருமையை ஒரே முளைக்குச்சியில கட்டினாப்புல. நுனிய இழுத்துட்டுப் போகையில பட்டை முழுசும் நீலமா மின்னுனா அது மெதக்கற கட்டு. நீ எதை நகத்துனாலும் கோடு தன் இஷ்டத்துக்கு எடம் மாறிக்கும். ஒத்தைப் புள்ளி பச்சையா மின்னுறப்ப விட்டீன்னா ஆணி அடிச்சாச்சு. புள்ளி பத்தலையா? கோட்டைத் தொட்டுட்டுக் கன்ட்ரோலும் ஈ-யும் சேத்தி அமுக்கு, ஸ்டைல் எழுத்து தொறக்கும். பட்டைல இருந்து கெளம்பற ஒவ்வொரு கோட்டுக்கும் 'எக்சிட்எக்ஸ்' 0.1, 0.3, 0.5, 0.7, 0.9-ன்னு பிரிச்சுக் குடு, கூடவே 'எக்சிட்ஒய்'யும் இருக்கோணும்.

மெதக்கற கட்டுனால என்ன கேடுன்னு கேக்கறியா? நேத்து அந்த டிரான்ஸ்பார்மரை நாலு விரக்கடை தூக்கி வெச்சே பாரு. மேல வந்து எறங்குன 11 கேவி கோடு, பொடுக்குன்னு கீழ போயி 433 வோல்ட் பக்கம் ஒட்டிக்கிச்சு. நீ அதைக் கண்டுக்கலை, சேவ் பண்ணிட்டு டீக்குப் போயிட்டே.

அப்பறம் இந்தக் குறுக்குக் கோடு. ரெண்டும் தொடுதா, தாண்டுதா? வரைஞ்ச உனக்குத் தெரியும், ராத்திரி மழைல டார்ச் அடிச்சுப் பாக்கறவனுக்குத் தெரியோணுமே. தாண்டறதுன்னா 'லைன் ஜம்ப்ஸ்'ல 'ஆர்க்' போடு, சின்னதா ஒரு வளைவு ஏறி எறங்கும். விசியோலயும் இது உண்டு. தொடறதுன்னா கருப்பா ஒரு புள்ளி. நாலு கோடும் ஒரே புள்ளில கூட வேண்டாம். சித்தத் தள்ளி ரெண்டு டீ-யாப் பிரிச்சு வெய்யி. ஜெராக்ஸ்ல புள்ளியே அழிஞ்சு போனாலும் டீ நிக்கும், அது இணைப்புத்தான்னு புரியும்.

ஜெராக்ஸுன்னதும் நெனப்பு வருது. சிவப்பு, மஞ்சள், நீலம்னு வோல்டேஜுக்கொரு வண்ணமாத் தீட்டியிருக்கறே. ஆபீஸ்ல அதைக் கருப்புவெள்ளைலதான் எடுப்பாங்க. மஞ்சக் கோட்டை மெசின் முழுங்கிரும். அப்படியொரு லைனே ஊர்ல இல்லைன்னு நெனைச்சுக்குவாங்க. வண்ணத்தை நம்பாம, கனத்தை நம்பு. 110 கேவிக்கு 4, 11 கேவிக்கு 2, எல்.டி.க்கு 1. மேல போற கம்பி முழுக்கோடு, மண்ணுக்குள்ள போற கேபிள் வெட்டுக்கோடு. 'டேஷ்பேட்டர்ன்'ல '8 4'-ன்னு குடுத்தா எட்டுக்குக் கோடு, நாலுக்கு எடம். எது எதுக்குன்னு மூலைல ஒரு கட்டம் போட்டு எழுது, இல்லாட்டி அதையும் என்னையக் கூப்பிட்டுத்தான் கேப்பாங்க.

எல்லாம் முடிஞ்சதும் எல்.சி. (லைன் கிளியர்) வாங்கிப் பழகுன லைன்மேன் ஒருத்தர்கிட்டக் குடு. "இந்த ஏபி சுவிட்சைத் தொறந்தா எதெது சாகுமுங்க அண்ணா?"ன்னு கேளு. அவரு வெரலு எங்க தயங்குதோ, அந்தக் கோட்டைத் திருத்து. நடுவுல பூந்து வெளக்கம் சொல்லாதே.

ஆமா, 'ஃப்ளோ அனிமேசன்' போட்டுக் கோட்டை ஓட விட்டிருக்கறியே, அது காயிதத்துல ஓடாது சாமி. மேனேஜருக்குக் காட்டறப்ப மட்டும் ஓட விடு, அவிங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும். இன்க்ரிமென்ட் வந்துச்சுன்னா தாத்தனுக்கு ஒரு கட்டு வெத்தலை வாங்கிட்டு வா.