501-வது யூனிட்

கேள்வி: போன தடவை 500 யூனிட், கரண்ட் பில் 1,805 ரூபாய். இந்தத் தடவை 501, பில் 2,048! ஒரே ஒரு யூனிட்டுக்கு இந்த அநியாயமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 2024 ஜூலைக் கட்டணப்படி கணக்கு சரிதான். இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டாதவரை, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். தாண்டினால் அதே நூறுக்கும் 4.70. முதல் 100 மட்டும் அப்போதும் இலவசம். அரசாங்கத்துக்கும் கொஞ்சம் ஈரம் உண்டு.

கட்டாவிட்டால், 2003 மின்சாரச் சட்டம் 56-வது பிரிவுப்படி 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ். பிறகு ஃபியூஸைப் பிடுங்குவார்கள். ஆட்சேபம் இருந்தால், கேட்ட தொகை, கடைசி ஆறு மாதச் சராசரி இரண்டில் குறைந்ததை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டுச் சண்டை போடலாம். ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதினால்தான் புகார் மனு காரசாரமாக வரும்!