வேலைக்கு முந்தைய வேலை: ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

அலுவலகத் திறமை பற்றிய நூல்கள் யாவும், ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொண்டே பேசுகின்றன. இது மிகத் துணிச்சலான அனுமானம். நாற்காலியில் அமர்வதற்கும் முதல் வரியைத் தட்டச்சு செய்வதற்கும் நடுவே ஒரு நெடுங்காலம் கிடக்கிறது. அதை முறையாக ஆராய்ந்தோர் மிகச் சிலர். அக்காலத்தில் நிகழ்வனவற்றை இக்கட்டுரை 'முற்பணி' என்று குறிக்கும். முற்பணியைச் சோம்பல் என்பாரும் உளர்; அது பொருந்தாது. சோம்பேறி சும்மா இருப்பான். முற்பணியாளருக்கோ மூச்சுவிட நேரமில்லை.

முன்னோர் கண்டவை

அறிவியல் மேலாண்மையின் தந்தை எனப்படும் ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில், மண்வாரியால் ஒருமுறை 21 பவுண்டு அள்ளினால் நாள் முடிவில் அதிகம் அள்ளலாம் என்று காட்டினார். மண்வாரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரம் பற்றியதே நம் கேள்வி.

1980களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்து, 25 நிமிடம் படிப்பு, சிறிது ஓய்வு என்றொரு முறை வகுத்தார். நம்முடைய ஒரு நாழிகை 24 நிமிடம். மிகுந்த ஒரு நிமிடம் தக்காளியைத் திருகுவதற்கு என்க.

ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் பேராசிரியர் ஜான் பெர்ரி 1996இல் ஒரு நுட்பம் கண்டார்: பட்டியலின் தலையில் ஒரு பெரிய வேலை உட்கார்ந்திருந்தால், அதைத் தவிர்ப்பதற்காகவே மனிதன் கீழுள்ள சில்லறை வேலைகளையெல்லாம் முடித்துவிடுவான். இக்கொள்கைக்கு 2011இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. பதினைந்து ஆண்டுத் தாமதம், கொள்கைக்குச் செய்யப்பட்ட மரியாதை.

எனினும் இத்துறைக்கு அளவைத் தந்தவர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன். இருக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும்படி வேலை வீங்கும் என்ற விதியை அவர் 1955இல் 'எகனாமிஸ்ட்' இதழில் அறிவித்தபோது, அண்ணன் மகளோ தங்கை மகளோ ஒருத்திக்குத் தபால் அட்டை எழுதும் மூதாட்டியைச் சான்று காட்டினார். அட்டையைத் தேட ஒரு மணி, கண்ணாடியைத் தேட ஒரு மணி, முகவரியைத் தேட அரை மணி, எழுத ஒன்றேகால் மணி, தபால் பெட்டிக்குக் குடை எடுத்துப் போவதா என்று முடிவெடுக்க 20 நிமிடம். உலகம் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனது, கூட்டிப் பார்க்கவில்லை. எழுதுமுன் கழிந்தது 150 நிமிடம், எழுதியது 75 நிமிடம். முற்பணி பணியினும் சரியாக இரு மடங்கு. குடையையும் சேர்த்தால் ஒரு தபால் அட்டையின் மொத்தச் செலவு 245 நிமிடம். இவ்வெண்ணை வாசகர் நினைவில் கொள்க.

முற்பணியின் வகைகள்

முற்பணி நால்வகைப்படும்.

துப்புரவு முற்பணி: அரையாண்டு அறிக்கை எழுத வேண்டிய நாளில்தான் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி முறுக்குத் தூளை வெளியேற்றத் தோன்றும். அடுத்து கணினித் திரையைத் துடைப்பர். அதற்கடுத்து திரைக்குள் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் தள்ளுவர். அங்கே அதே பெயரில் ஏற்கெனவே இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும்.

பட்டியல் முற்பணி: செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, அவசரமானதற்குச் சிவப்பும் முக்கியமானதற்குப் பச்சையும் இடுதல். கைதேர்ந்தோர் ஏற்கெனவே முடித்ததையும் பட்டியலில் எழுதி உடனே அடிப்பர். 'பட்டியல் எழுதுதல்' என்பதையே முதல் வரியாக எழுதி அடிப்பது இதன் உச்சநிலை.

கருவி முற்பணி: கவனத்தைக் கூட்டும் செயலி எது சிறந்தது என்று ஒப்பிடுதல். கவனச் சிதறலைத் தவிர்ப்பது எப்படி என்று விளக்கும் ஒரு மணி நேரக் காணொளியை நடுவில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே பார்த்தல் இதன்பாற்படும்.

பான முற்பணி: "ஒரு டீ அடிச்சிட்டு வந்து ஆரம்பிச்சிடலாம்" என்பது இதன் இலக்கணம். இவ்வகை தனித்து நிகழாது. குறைந்தது மூவர் வேண்டும். எதிரில் வருபவர் நான்காமவர்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு

அறிக்கைகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையே கேட்கப்படுகின்றன. காலை 9:30 முதல் மாலை 5:30 வரை இயங்கும் ஓர் அலுவலகத்தைக் கொள்வோம். மொத்தம் 480 நிமிடம். வெள்ளியன்று ராகு காலம் 10:30 முதல் 12 வரை. எமகண்டம் 3 முதல் 4:30 வரை. இவ்விரண்டிலும் எதையும் தொடங்கலாகாது. 180 நிமிடம் கழிந்தது. ஏற்கெனவே தொடங்கியதை ராகு காலத்தில் தொடரலாமே எனின், தொடரலாம். அவ்விலக்கு தொடங்கியோர்க்கே உரியது, நாம் ஆராய்வது தொடங்காதோரை. இனி, 1 முதல் 2 வரை சாப்பாடு. மீதி 240 நிமிடம்.

தபால் அட்டைக்கே 245 நிமிடம் வேண்டும் என்று கண்டோம். ஆகவே வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு தபால் அட்டைகூட எழுத இயலாது என்பது ஐயந்திரிபற நிறுவப்படுகிறது. பற்றாக்குறை சரியாக ஐந்து நிமிடம். மாலை 5:30க்கு மேலாளர் வந்து நிற்கும்போது எல்லா அலுவலகங்களிலும் எல்லா மேசைகளிலிருந்தும் "அஞ்சே நிமிஷம் சார், முடிச்சிடறேன்" என்ற ஒரே விடை எழுவதை இதுவரை சாக்கு என்று கருதி வந்தனர். அது கணிதம்.

பரிந்துரை

கெடுவை வியாழனுக்கு மாற்றுக. அன்று எமகண்டம் காலை 6 மணிக்கு வந்து 7:30க்கே போய்விடுகிறது. ராகு காலம் 1:30 முதல் 3 வரை, அதில் அரை மணி சாப்பாட்டோடு கலந்துவிடும். கையில் நிற்பது 360 நிமிடம். தபால் அட்டையின் 245ஐக் கழித்தால் 115 நிமிடம் மிஞ்சி வீணாகுமே என்று நிர்வாகம் கவலைப்பட வேண்டியதில்லை. மிஞ்சாது, பார்க்கின்சன் விதி பார்த்துக்கொள்ளும்.