பராபவ வருஷமும் ஓர் உடும்பும்

பராபவ வருஷம் பிறந்த அன்று காலை, வேப்பம்பூப் பச்சடியைக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தை மூக்குக் கண்ணாடியின் உதவியால் இரண்டு தடவை படித்துப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, பராபவம்னா தோல்விதானுங்களே?" என்று கேட்டாள். லாரிக்கும் கடைப் பலகைக்கும் எழுத்து எழுதிப் பழகியவனுக்கு எவ்வளவு சம்ஸ்கிருத ஞானம் இருக்குமோ அவ்வளவுதான் எனக்கும் உண்டு என்றாலும், அகராதியைப் புரட்டிப் பார்த்ததில் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. தோல்வி, அவமானம், அழிவு என்று மூன்று அர்த்தங்கள் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வரிசையாக நின்றன. புது வருஷத்தை உத்தேசித்து நல்ல வார்த்தை நாலு எழுதலாமென்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த ஒரு சித்திரக்காரனுக்கு இதைவிடச் சிறந்த சகுனம் வேறு என்ன வேண்டும்?

நம் முன்னோர்கள் அறுபது வருஷங்களுக்கும் பெயர் சூட்டியபோது, தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்கள் காட்டும் தாட்சண்யத்தில் கால் பங்கைக்கூடக் காட்டவில்லை. 2024-இல் பிறந்த வருஷத்துக்குக் குரோதி என்று பெயர். வருகிறவன் கோபக்காரன் என்று தெரிந்தேதான் வாசலில் கோலம் போட்டு வரவேற்றோம். நான் பிறந்த 1956-ஆம் வருஷத்துக்குப் பெயர் துன்முகி. துன்முகி என்றால் விகாரமான முகம் என்று பொருள். பிற்காலத்தில் பிறர் முகங்களை வரைந்தே ஜீவனம் செய்யப் போகிற ஒருவனைத் தேடிப் பிடித்து அந்த வருஷத்தில் பிறக்க வைத்த தெய்வத்துக்கு ஹாஸ்ய உணர்ச்சி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. என்னிடம் உருவப்படம் எழுதி வாங்கிப் போனவர்களில் பலர், என் ஜன்ம வருஷத்தை நான் சொல்லாமலே ஊகித்துக்கொண்டார்கள்.

சென்ற பராபவ வருஷம் 1966-இல் பிறந்தது. அது முடிவதற்குள், 1967 பிப்ரவரித் தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் தோற்று, விருதுநகரில் காமராஜரே தோற்றுவிட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் தெருவில் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் ஒருவர், "வருஷத்தின் பேரிலேயே இருக்கிறதே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எதிர்த் திண்ணையில் சரவெடி கொளுத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே வருஷந்தான் நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. என் அளவில் அந்த வருஷத்தின் முக்கிய சம்பவம், தைப்பொங்கலுக்காக வெள்ளையடித்துப் பளபளவென்று நின்ற ஒரு கிரகஸ்தரின் மதில் சுவரில் அடுப்புக்கரியால் நான் வல்வில் ஓரியை எழுதியதுதான். சுவருக்குச் சொந்தக்காரர் வந்து என் காதைப் பிடித்துத் திருகினார்; திருகிக்கொண்டே படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்; பிறகு, காதை விடாமலே, "ஏண்டா, உடும்பு எங்கடா?" என்றார்.

ஓரியைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். (சேந்தமங்கலத்தாருக்குச் சொன்னால் அடிக்க வருவார்கள்.) கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய ஓரி, எங்கள் ஊருக்குக் கிழக்கே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் கொல்லிமலைக்குத் தலைவன். அவன் விட்ட ஓர் அம்பு, யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின்மேல் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பாட்டில் பாடிவிட்டுப் போவது எளிது. எழுத்துக்குப் பின் எழுத்து வருவதுபோல் மிருகத்துக்குப் பின் மிருகம் வந்துவிடும். நாலடி உயரமும் ஆறடி நீளமும் உள்ள ஒரு துணியில் அந்த ஐந்து ஜீவன்களையும் ஒரே அம்பின் பாதையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்றால் தெரியும் சங்கதி. யானையின் நெற்றி ஏழடி உயரத்தில் இருக்கிறது. உடும்போ தரைக்குக் கீழே இருக்கிறது. நேராகப் போகிற அம்பு இரண்டையும் எப்படித் தொடும்?

இந்தச் சங்கடத்தில் நான் மாட்டிக்கொண்டது 1996-இல், தாது வருஷத்தில். தாது வருஷம் என்றாலே 1876-இல் வந்த பஞ்சந்தான் நம் ஜனங்களுக்கு இன்றும் நினைவுக்கு வருகிறது. நல்ல காரியத்தைத் தொடங்க அந்த வருஷத்தை நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை. அப்போது நான் பகலில் டிராயிங் மாஸ்டராகவும், விடுமுறை நாட்களில் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பெயிண்டராகவும் இரட்டை வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் கட்டிய லாரி பாடிகள் தேசத்தின் சாலைகளிலெல்லாம் ஓடுகின்றன. அவற்றின் பின்கதவில் நான் எழுதிய தாமரைகளும், கன்றுக்குப் பால் கொடுக்கும் பசுக்களும், "ஒலி எழுப்பவும்" என்ற உபதேசமும், நான் வாழ்நாளில் பார்த்திராத பட்டணங்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்தன. ஒரு லாரி முதலாளி, என் பசுமாட்டில் மனம் பறிகொடுத்து, புது வீட்டு ஹாலுக்கு ஓரி படம் ஒன்று வேண்டுமென்று ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துக் கரிக்கோட்டுப் படத்தைப் பார்க்க வந்தவர், யானையைக் கொஞ்சம் சின்னதாகவும் புலியைக் கொஞ்சம் பெரிதாகவும் போடச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்படியே மலையடிவாரத்துல நம்ம லாரியொண்ணு போட்டுருங் வாத்தியாரே, நம்பரு நாஞ் சொல்றனுங்" என்றார். சரித்திரத்துக்கும் அவருக்கும் இடையே நான் மத்தியஸ்தம் செய்து பார்த்தேன். மத்தியஸ்தம் பலிக்கவில்லை. படம் என் வீட்டிலேயே தங்கிவிட்டது; முன்பணத்தை அவரும் கேட்கவில்லை, நானும் அதைப்பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சித்திரை முதல் தேதியும், "இந்த வருஷம் ஓரியை முடித்துவிடுவது" என்று சங்கல்பம் செய்துகொள்வது எங்கள் வீட்டில் பச்சடியைப் போலவே தவறாத வழக்கமாயிற்று. நடுவில் ஒரே ஒரு வருஷத்தில் உண்மையாகவே வேலை நடந்தது. 2002, அதற்குச் சித்திரபானு என்று பெயர் அமைந்திருந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் மடியில் எலுமிச்சம்பழமும் வாயில் ஸ்வாமி நாமமுமாகப் போவார்கள். நாற்பதாவது வளைவை ஒட்டி, கண்ணைத் திறப்பதா மூடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஜன்னல் வழியாகப் பார்த்தால், நாங்கள் கடந்து வந்த பாதை முழுவதும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து கிடந்தது. ஆஹா, ஓரி நின்றது சமதரையில் அல்லவே, மலைச்சரிவில் அல்லவா! யானை மேலே நிற்கிறது, அதற்குக் கீழே புலி, அதற்குக் கீழே மான், பிறகு பன்றி, எல்லாவற்றுக்கும் அடியில் புற்று. அம்பு சரிவோடு சரிவாக இறங்கி வருகிறது. நான் பஸ்ஸிலேயே கைதட்டினேன். பக்கத்து ஸீட்டுக்காரர் அவசரமாக எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார்.

அந்த வருஷத்தில் நாலு மிருகங்களும் முடிந்தன. யானையின் காது மடலில் வெயில் பட்டு இளஞ்சிவப்பாகத் தெரிவதற்காக மட்டும் பதினெட்டு நாட்கள் செலவிட்டேன். அதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை யாதலால் நானே சொல்லிக்கொள்கிறேன். உடும்புதான் வரவில்லை. புற்றுக்கு வெளியே தலையை நீட்டினால் ஓணானாகவும், வாலை மட்டும் காட்டினால் பாம்பாகவும், முழுவதும் காட்டினால் முதலைக் குட்டியாகவும் அது ஆகிவிட்டது. எழுதுவதும் டர்பன்டைன் தோய்த்த துணியால் அழிப்பதுமாக இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. படத்தின் அந்த மூலையில் துணி மெலிந்து, பின்புறச் சுவர்கூட லேசாகத் தெரிகிறது.

ஓரியின் காலத்துக் கலைஞர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவனிடம் போன பாணர் கூட்டம், பரிசிலாகக் கிடைத்த பொன்னையும் யானையையும் கண்டு, உண்ட களைப்பும் உள்ளக் களிப்புமாக, ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போயிற்று என்று அதே வன்பரணர் இன்னொரு பாட்டில் சொல்லுகிறார். அளவுக்கு மிஞ்சிய சன்மானத்தால் ஒரு கலைஞன் தன் தொழிலை மறந்துபோவது எத்தகைய பாக்கியம்! அந்த ஆபத்து என்னை ஒரு நாளும் அணுகியதில்லை. பிளெக்ஸ் பலகை வந்து எழுத்து வேலை அடியோடு நின்றபோதுகூட, தொழிலை மறந்தது ஊர்தானே ஒழிய நானல்ல.

சன்மானத்தையும் பார்த்து, அதற்கப்பால் போகவும் தெரிந்த ஒருவர் எங்கள் ஜில்லாவிலேயே இருந்தார். மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையை உலகம் நாமக்கல் கவிஞர் என்றே அறியும். அவர் முதலில் சித்திரக்காரர் என்பதை நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. டில்லி தர்பாரை ஒட்டி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வைத்து அவர் தீட்டிய படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே கை, சுமார் பதினெட்டு வருஷங்கள் கழித்து, அதே மன்னரின் உப்புச் சட்டத்தை மீறப் போன தொண்டர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தது. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு அந்த யாத்திரை புறப்பட்ட நாள் 1930 ஏப்ரல் 13. தமிழ் வருஷப் பிறப்பு. பிறந்த வருஷம் பிரமோதூத. பிரமோதம் என்றால் பெருமகிழ்ச்சி. பதினைந்து நாள் வெயிலில் நடந்து, முடிவில் தடியடியும் சிறைவாசமும் பெற்றுக்கொள்ளப் போகிறவர்கள் பெருமகிழ்ச்சி என்ற பெயருள்ள வருஷத்தின் முதல் நாளில் பாடிக்கொண்டே கிளம்பினார்கள் என்பதை நினைக்கும்போது, பஞ்சாங்கத்தின்மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்துவிடுகிறது. இன்று சென்னைக் கோட்டையில் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு அவர் பெயர். ஒரு சித்திரக்காரன் பெயரைச் சொல்லிக்கொண்டு அத்தனை கோப்புகள் அங்கே உறங்குகின்றன.

மகிழ்ச்சி என்று சொன்னதும் கொல்லிப்பாவையின் ஞாபகம் வருகிறது. எங்கள் மலையின் ஆதி சிற்பம் அதுதான். தெய்வம் செய்து வைத்த பாவை என்று சங்கப் புலவர்கள் சொல்வார்கள். அது நகரும், சிரிக்கும், சிரித்து மயக்கிப் பகைவரைக் கொன்றுவிடும் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். சிரிக்கிற சிலையைச் செய்வது தெய்வத்துக்கே தகும். மனிதர் சிரிக்கிற முகத்தை எழுதப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி: ஒரு மணிவிழாவுக்காக ஒரு பெரியவரைச் சிரித்த முகமாக எழுதிக் கொடுத்ததில், விழாவுக்கு வந்தவர்களெல்லாம் அவருக்குப் பல்வலி எப்போதிலிருந்து என்று விசாரித்தார்கள்.

இனி, பராபவத்துக்கு வருகிறேன். இத்தனை பெருமையுடைய ஓரி ஜயித்தானா என்றால், இல்லை. மலையமான் திருமுடிக்காரி படையெடுத்து வந்து ஓரியைக் கொன்று, பலா மரங்கள் செழித்த கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். காரியும் லேசுப்பட்டவனல்ல, அவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவனே. ஆனாலும் செம்மேட்டில் சிலையாக நிற்பவன் ஓரி. ஆடி பதினெட்டை ஒட்டிச் சர்க்கார் செலவில் விழா நடப்பது ஓரிக்கு. நான் பெயர் எழுதிய லாரிகளில் "வல்வில் ஓரி" என்று எழுதச் சொன்னவர்களை எண்ண என் இரண்டு கை விரல்களும் போதமாட்டா. "திருமுடிக்காரி" என்று எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை. யுத்தத்தில் தோற்ற ஓரிக்கு, ஒரு புலவர் அவன் வேட்டையைப் பார்த்து மகிழ்ந்துபோய்ப் பாடிவைத்த பாட்டுத் துணையாக நிற்கிறது. ஆகவே பராபவ வருஷம் ஓரி படத்தை முடிப்பதற்கு மிகவும் பொருத்தமான வருஷமே என்று, பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவியிடம் பிரசங்கம் செய்தேன். அவள், "போன வருஷமும் இதத்தானுங்க சொன்னீங்க" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி அந்தச் சமயம் படத்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, புற்றையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது.

"அப்பச்சி, உடும்பு புத்துக்குள்ளதானே இருக்குது?"

"ஆமாஞ் சாமி."

"உள்ள இருந்தா எப்படித் தெரியும்?"

நான் மறுபடியும் அகராதியை எடுக்கப் போவதுபோல் எழுந்தேன். ஆனால் அகராதியில் இதற்குப் பதில் இல்லை. முப்பது வருஷங்களாக நான் வெளியே இழுத்துக்கொண்டிருந்த பிராணியை, வன்பரணர் ஆதியிலேயே புற்றுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரஷை எடுத்து, புற்றின் வாய்க்கு உள்ளே மறையும்படி அம்பின் கடைசி அரை அடியை எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

படம் இப்போது சேந்தமங்கலத்தில் எங்கள் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறது. கொல்லிமலை பஸ் இவ்வூர் வழியாகத்தான் போகிறது. வருகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். யானையின் காது மடலைச் சற்று நின்று பாருங்கள். உடும்பு எங்கே என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.